ஊர் காத்தோர் கல்: தருமபுரி வட்டார நடுகற்களில் பெயரும் இடமும் வழிபாடும்

ஆய்வுச் சுருக்கம்

ஊரின் ஆநிரையையும் மக்களையும் காக்கும் போரில் இறந்துபட்டோர்க்கு எடுக்கப்பட்ட நடுகற்கள் தருமபுரி வட்டாரத்தில் மிகுதியாகக் காணப்படுகின்றன. பேரரசர்களின் பெயர்கள் இக்கற்களில் காலக்குறிப்பாக மட்டுமே நிற்க, கல்லுக்கு உரியவராகச் சேவகரும் இளமக்களுமே அமைகின்றனர். ஒரு நடுகல் நினைவுச் சின்னமாக நிலைபெறுவதற்குப் பெயர், இடம், வழிபாடு ஆகிய மூன்றும் தேவைப்படுகின்றன. இன்று அருங்காட்சியகங்கள் பெயரைக் காக்கின்றன. ஊர்கள் இடத்தையும் வழிபாட்டையும் காக்கின்றன. மூன்றும் ஒருசேரக் காக்கப்படும் நிலை அரிதாகி வருவதை இலக்கிய, கல்வெட்டு, வழக்காற்றுச் சான்றுகளின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: நடுகல், தகடூர், ஆகோள், தொறு, வட்டெழுத்து, நெய்த்தோர்பட்டி, வேடியப்பன், போர் நினைவுச் சின்னம்

1. முன்னுரை

போரில் இறந்த தம் ஊராரை நினைவுகூர்ந்து கல் எடுப்பது உலகின் பல சமூகங்களில் காணப்படும் வழக்கமாகும். தமிழகத்தில் இவ்வழக்கம் சங்க காலத்திலேயே வேரூன்றியிருந்ததை இலக்கியங்களும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறிப்புடைய கற்களும் உறுதிப்படுத்துகின்றன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட நடுகற்களுள் ஒன்றில் ‘ஆகோள்’ என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. தொல்காப்பியம் வெட்சித் திணையின் துறையாகக் கூறும் ஒரு சொல், இறந்த ஒருவரின் நினைவுக் கல்லில் அவ்வாறே பொறிக்கப்பட்டிருப்பது இலக்கணமும் வாழ்வும் ஒன்றையொன்று தொட்டு நின்றதைக் காட்டுகிறது.

எழுத்துடை நடுகற்கள் செறிந்து கிடைக்கும் பகுதிகளுள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அவற்றை ஒட்டிய செங்கம் பகுதியும் முதன்மையானவை. சேலம் மாவட்டத்திலிருந்து 1965ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2004ஆம் ஆண்டு கிருஷ்ணகிரி மாவட்டம் உருவாக்கப்பட்டது. இக்கட்டுரையில் ‘தருமபுரி வட்டாரம்’ என்பது பிரிவினைக்கு முந்தைய நிலப்பரப்பைக் குறிக்கும். ஒப்பீட்டுக்காகச் செங்கம் பகுதிக் கற்களும் உரிய இடங்களில் எடுத்தாளப்படுகின்றன.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில் மேற்கொண்ட களப்பணிகளின் பயனாகச் ‘செங்கம் நடுகற்கள்’ தொகுதி 1972ஆம் ஆண்டு வெளிவந்தது. தருமபுரிக் கல்வெட்டுகளும் அதே பத்தாண்டில் தொகுக்கப்பட்டன. அதன்பின் இக்கற்கள் எழுத்து வளர்ச்சி, அரசியல் வரலாறு, சிற்ப அமைதி ஆகிய நோக்குகளில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அவற்றை ஊரார் தம்முள் இறந்தவர்க்கு எடுத்த நினைவுச் சின்னங்களாகக் கொண்டு, அந்நினைவு எவ்வாறு உருவாகி எவ்வாறு நிலைமாறியது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தகடூர் நிலமும் ஆநிரையும்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகராகவும், பெருஞ்சேரல் இரும்பொறை போரிட்டு வென்ற ஊராகவும் சங்க இலக்கியம் இதனை அறியும். மேற்கே மைசூர்ப் பீடபூமி, கிழக்கே தொண்டை நாட்டுச் சமவெளி, தெற்கே கொங்கு நாடு என மூன்று நிலப்பகுதிகளுக்கு இடைப்பட்ட மேட்டுநிலம் இது. தொப்பூர்க் கணவாய் இன்றும் தெற்கு நோக்கிய பெருவழியாக விளங்குகிறது. மேற்கெல்லையில் காவிரியும், வடகிழக்கில் தென்பெண்ணையும் ஓடினாலும், நிலத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியாகவே இருந்து வந்துள்ளது.

கேழ்வரகு, சாமை முதலிய புன்செய்த் தானியங்களும் கால்நடை வளர்ப்புமே இத்தகைய நிலத்தின் வாழ்வாதாரங்கள். நெல் விளையும் ஆற்றுப்படுகையில் செல்வம் நிலத்தோடு பிணைந்து நிற்கும். அதனைக் கவர விரும்புவோர் நிலத்தையே கைப்பற்ற வேண்டும். மேட்டுநிலத்தில் செல்வம் காலால் நடக்கக்கூடியது. ஓர் இரவில் ஊரின் ஆநிரையை ஓட்டிச் சென்றுவிட்டால் பாலும் எருவும் உழவு மாடும் ஒருங்கே இல்லாமற் போகும். ஆகவே ஆநிரை மீட்டல் என்பது ஊரின் வாழ்வை மீட்டலாகவே கருதப்பட்டது.

அரசியல் நிலையும் இப்பூசல்களுக்கு இடமளித்தது. பல்லவர், மேலைக் கங்கர், வாணர், நுளம்பர், இராட்டிரகூடர், சோழர் எனப் பல மரபினரின் ஆதிக்கம் வெவ்வேறு காலங்களில் இங்குப் பரவியது. கி.பி. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுளம்பர் ஆட்சி தகடூர்ப் பகுதியில் வலுப்பெற்றிருந்தது. பேரரசுகளின் எல்லைகள் சந்திக்கும் நிலத்தில், அவற்றுக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர்களும் ஊர்த்தலைவர்களும் தமக்குள் ஆநிரை கவர்ந்தும் மீட்டும் வந்தனர். இப்பூசல்களில் இறந்தோரே நடுகற்களில் நிற்கின்றனர்.

3. இலக்கண இலக்கியங்களில் நடுகல்

தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் எடுக்கும் முறையை ஆறு நிலைகளாக வகுக்கிறது. தக்க கல்லைத் தேர்ந்து காண்பது காட்சி. அதனைக் கொண்டுவரத் தொடங்குவது கால்கோள். நீராட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை. உரிய இடத்தில் நிறுத்துவது நடுதல். படையலிட்டுச் சிறப்புச் செய்வது பெரும்படை. வீரனின் புகழைப் பாடுவது வாழ்த்தல். இவ்வாறு நிலைகளில் கல்லைத் தேர்வது முதல் புகழ்வது வரையுள்ள செயல்கள் எவையும் தனியொருவரால் நிகழ்த்தப்படக் கூடியன அல்ல. சுமப்போரும் நீராட்டுவோரும் படைப்போரும் பாடுவோரும் கூடிய ஒரு சமூகத்தை இவ்விலக்கணம் முன்னிறுத்துகிறது.

சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்கள் இந்நிலைகளைப் பின்பற்றியே அமைந்துள்ளன. ஆனால் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல் கொணர்ந்தது இமயத்திலிருந்து. நீர்ப்படை செய்தது கங்கையில். காப்பியம் ஊர் வழக்கத்தைப் பேரரசச் சடங்காக உயர்த்திக் காட்டுகிறது. தருமபுரி வட்டார நடுகற்களோ அவ்வப்பகுதியில் கிடைக்கும் பாறையிலிருந்து எடுக்கப்பட்ட பலகைக் கற்கள். இறந்தவன் காத்த மண்ணின் கல்லே அவனுக்கு உருவாயிற்று.

சங்கப் பாடல்கள் நடுகல்லைச் சூழ்ந்த செயல்களை நுணுக்கமாகப் பதிவு செய்துள்ளன. கல்லில் பெயர் பொறித்து மயிற்பீலியும் மாலையும் சூட்டி நட்டதைப் புறநானூற்றின் 264ஆம் பாடல் கூறுகிறது. கல்லின் மேல் துணியாலான பந்தர் இட்டதை 260ஆம் பாடல் சுட்டுகிறது. நடுகல்லின் முன் வேலும் கேடயமும் ஊன்றப்பட்டிருந்ததை அகநானூறு (67, 131) காட்டுகிறது. பகைவரைத் தடுத்து நின்று இறந்தவனின் கல்லையன்றி வணங்குதற்குரிய கடவுள் தம் ஊரில் இல்லை என்ற கருத்தை மாங்குடி கிழாரின் பாடல் (புறம். 335) உரைக்கிறது.

தகடூரோடு நேரடித் தொடர்புடைய சான்று ஔவையாரின் கையறுநிலைப் பாடலாகும் (புறம். 232). அதியமான் இறந்தபின் அவனுக்கு நட்ட கல்லில் பீலி சூட்டிச் சிறுகலத்தில் கள்ளைப் படைக்கின்றனர். நாடு முழுவதையும் கொடுத்தாலும் கொள்ளாதவன் இச்சிறு படையலை ஏற்பானோ என்று ஔவையார் கலங்குகிறார். ஒரு வேந்தனின் கல்லுக்கும் பீலியும் கள்ளுமே படையலாயின. இறந்தபின் தலைவனுக்கும் வீரனுக்கும் ஒரே சடங்கே உரியதாக இருந்ததை இப்பாடல் உணர்த்துகிறது.

நினைவு மங்குதல் குறித்த உணர்வும் சங்கப் புலவர்க்கு இருந்தது. நடுகல்லின் எழுத்துகள் தேய்ந்து போனமையால் வழிப்போக்கர் அவற்றை முழுமையாகப் படிக்க இயலாமற் செல்வதை அகநானூற்றின் 297, 343ஆம் பாடல்கள் காட்டுகின்றன. நடுகல் ஆய்வாளர் இன்று எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டைப் பாலைத்திணைப் புலவர்கள் அன்றே கண்டிருந்தனர்.

4. கல்வெட்டு வாசகத்தின் அமைப்பு

தருமபுரி வட்டாரத்தின் தொன்மையான எழுத்துடை நடுகற்கள் வட்டெழுத்தில் அமைந்தவை. இருளப்பட்டியில் கிடைத்த கற்கள் வட்டெழுத்தின் தொடக்க நிலையை அறியத் துணைபுரிகின்றன. செங்கம், தருமபுரிப் பகுதிக் கற்களின் வாசகங்கள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்துள்ளன. அதனைப் பின்வரும் ஐந்து உறுப்புகளாகப் பகுக்கலாம்.

முதலுறுப்பு காலம். ‘கோவிசைய’ என்ற அடைமொழியுடன் மன்னன் பெயரும், ‘யாண்டு’ என்ற சொல்லுடன் அவனது ஆட்சியாண்டும் குறிக்கப்படும். ‘வர்மர்’ என்ற வடசொல் ‘பருமர்’ என்றும், மகேந்திரன் ‘மயீந்திரன்’ என்றும், ஸ்ரீபுருஷன் ‘சிரிபுருசன்’ என்றும் எழுதப்பட்டுள்ளன. அரசவைச் செப்பேடுகளின் வடமொழி வடிவங்கள் ஊர் மக்களின் நாவில் எவ்வாறு ஒலித்தன என்பதற்கு இவை சான்றாகும்.

இரண்டாம் உறுப்பு இடம். புறமலை நாடு, தகடூர் நாடு போன்ற நாட்டுப் பிரிவும் ஊரும் இடம்பெறும். மூன்றாம் உறுப்பு, இறந்தவன் யாருக்குப் பணியாற்றினான் என்பதைச் சொல்லும். ‘இன்னாருடைய சேவகன்’, ‘இன்னாருடைய இளமகன்’ என்ற தொடர்கள் இதற்குரியவை. சேவகன் என்பது இங்குப் படைப்பணி செய்பவனைக் குறிக்கும்.

நான்காம் உறுப்பு நிகழ்ச்சி. ஆநிரையைக் குறிக்கும் ‘தொறு’ என்னும் சொல் இவ்வட்டாரக் கற்களின் உயிர்ச்சொல் எனலாம். ஆயரைத் ‘தொறுவர்’ என்று வழங்குதலும் இதனடியாகவே. தொறுவைக் கவர்ந்த பொழுதைக் குறிக்க, ‘நாள், காலம்’ எனப் பொருள்படும் ‘ஞான்று’ என்ற சொல் பயன்படுத்தப்பட்டுள்ளது.

ஐந்தாம் உறுப்பு இறந்தவன் பெயர். அது ‘பட்டான் கல்’ என்ற முடிபுடன் அமையும். ‘படுதல்’ என்பதற்கு இறத்தல் எனப் பொருள். ‘மரம் பட்டுப்போயிற்று’ என்ற இன்றைய வழக்கில் இப்பொருள் எஞ்சியுள்ளது. முழு வாசகமும் ‘கல்’ என்ற பெயர்ச்சொல்லில் முடிவதால், நீண்ட தொடர் முழுவதும் அக்கல்லுக்கு உரிய பெயர்ப்பலகையாகிவிடுகிறது. வாசகத்தில் புகழுரை இல்லை. இறந்தவனின் வீரத்தை விதந்தோதும் அடைமொழிகளும் அரிதாகவே உள்ளன. எக்காலம், எவ்வூர், யாருடைய ஆள், எது நிகழ்ந்தது, யார் இறந்தார் என்ற ஐந்து வினாக்களுக்கு விடையளிப்பதோடு கல் அமைதி கொள்கிறது. புகழ்தல் ‘வாழ்த்தல்’ என்னும் வாய்மொழிச் சடங்கின் பகுதியாக இருந்ததால், எழுத்துக்கு அப்பணி தேவைப்படவில்லை என்று கருத இடமுண்டு.

5. நினைக்கப்பட்டோர் யாவர்

மேற்கண்ட ஐந்து உறுப்புகளில் மன்னன் காலத்தின் அடையாளமாக முதலில் வந்து விலகிவிடுகிறான். அவன் போருக்கு ஆணையிட்டான் என்றோ, வென்றான் என்றோ பெரும்பாலான கற்கள் கூறுவதில்லை. பல்லவ, கங்க மன்னர்களின் மெய்ப்புகழ் செப்பேடுகளில் விரியும்போது, அதே மன்னர்களின் ஆட்சியாண்டுகளில் ஓர் ஊரின் சேவகன் மாடு மீட்டு இறந்த செய்தி நடுகல்லில் நிற்கிறது. செப்பேடுகள் எட்டாத மக்கள் அடுக்கின் தனிமனிதப் பெயர்கள் தமிழக வரலாற்றில் தொடர்ச்சியாகப் பதிவான தொடக்ககால மூலங்களுள் இது குறிப்பிடத்தக்கது.

‘தொறு மீட்டுப் பட்டான்’ என்பதைப் போலவே ‘தொறுக் கொண்டு பட்டான்’ என்ற வாசகமும் கற்களில் உண்டு. மீட்கச் சென்றவனுக்கு மட்டுமன்றிக் கவரச் சென்று இறந்தவனுக்கும் அவன் ஊரார் கல் எடுத்துள்ளனர். வெட்சியும் கரந்தையும் ஒரே திணைக்குள் அடங்கும் என்ற தொல்காப்பிய நெறியும் இதனோடு பொருந்துகிறது. பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை அவற்றை இரு திணைகளாகப் பிரித்தது. கல்லெடுத்தோரின் அளவுகோல் செயலின் நேர்மை பற்றியதன்று. தன் தலைவனுக்கும் ஊருக்கும் ஆற்றவேண்டிய கடமையில் உயிர் நீத்தானா என்பதே. இறந்தவர்களைத் தூய்மையான பாதுகாவலர்களாக மட்டும் காண விரும்பும் இன்றைய பார்வை இவ்விடத்தில் எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும்.

கடமை என்னும் அளவுகோல் மனிதரைக் கடந்தும் சென்றது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல், எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்கு உரியது. அதில் கோவிவன் என்னும் நாயின் உருவமும் வீரனுடன் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும் கல்வெட்டு தனியே கூறுகிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கு எடுக்கப்பட்ட கல் உள்ளது. கர்நாடகத்தின் ஆதகூரில் கிடைத்த கி.பி. 949–950ஆம் ஆண்டுக் கல்வெட்டு, தக்கோலப் போரில் இராசாதித்த சோழன் இறந்ததைக் குறிப்பிடுவதுடன், பன்றியோடு போரிட்டு மடிந்த ‘காளி’ என்னும் வேட்டை நாய்க்குக் கல் எடுத்துக் கொடை அளித்ததையும் பதிவு செய்கிறது. கன்னட நாட்டு ‘வீரகல்லு’ மரபும் தமிழ் நடுகல் மரபும் தருமபுரி வட்டாரத்தில் அண்டை மரபுகளாக விளங்கியமையால் இவ்வொப்புமை இயல்பானதே.

ஆநிரைப் பூசலைத் தவிர, கால்நடைகளைத் தாக்கிய புலியோடும், பயிரழித்த பன்றியோடும் போரிட்டு இறந்தவர்க்கும் கல் எடுக்கப்பட்டது. புலிகுத்திப்பட்டான் கல், பன்றிகுத்திப்பட்டான் கல் என்னும் வகைகள் ‘போர்’ என்ற சொல்லின் எல்லையை விரிக்கின்றன. ஊருக்கு வந்த கேட்டின் முன் நின்றவன் எவனோ அவன் வீரன்.

6. உருவ அமைதியும் கொடையும்

தொடக்ககால நடுகற்களில் வீரன் தனித்த உருவமாகக் காட்டப்படுகிறான். ஒரு கையில் வில்லோ கேடயமோ, மறு கையில் குறுவாளோ அம்போ இருக்கும். கால்கள் விரைந்து முன்னேறும் நிலையில் அமைந்திருக்கும். உடலில் அம்புகள் தைத்திருப்பதும் உண்டு. காலருகே சிமிழ், கிண்டி போன்ற கலங்கள் காணப்படும். பழம்பாடல்கள் கூறும் கள் படையலோடு இக்கலங்களை இணைத்துப் பார்க்கலாம். சில கற்களில் மீட்கப்பட்ட ஆநிரையும் சிறிய அளவில் செதுக்கப்பட்டிருக்கும்.

பிற்காலத்தில் கன்னட மரபின் செல்வாக்கால், குறிப்பாக ஒசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில், அடுக்கு நிலைக் கற்கள் பெருகின. கீழடுக்கில் போர்க்களமும், நடு அடுக்கில் தேவமகளிர் வீரனை மேலுலகுக்கு அழைத்துச் செல்லும் காட்சியும், மேலடுக்கில் அவன் இறைவன் திருமுன் அமர்ந்திருக்கும் காட்சியும் இடம்பெறும். முன்னைய கல் வீரனை அவன் இறந்த கணத்தில் நிறுத்துகிறது. பின்னைய கல் அவனை விண்ணுலகில் சேர்க்கிறது. நினைவு வழிபாடாகக் கனியும் போக்கு உருவ அமைதியிலேயே புலப்படுகிறது.

கல் எடுப்பதோடு ஊரின் கடமை முடியவில்லை. இறந்தவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுக்கும் வழக்கம் கல்வெட்டுகளில் நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி போன்ற பெயர்களால் குறிக்கப்படுகிறது. ‘நெய்த்தோர்’ என்றால் குருதி. கன்னடக் கல்வெட்டுகளில் இது ‘நெத்தரு கொடகெ’ எனப்படும். ஒருவன் சிந்திய குருதிக்கு ஈடாக ஊர் தன் நிலத்தைக் கொடுத்தது. வீரவணக்கம் சொல்லளவில் நில்லாமல் எஞ்சியோரின் வாழ்வுக்குப் பொறுப்பேற்றலாகவும் அமைந்தது என்பதற்கு இக்கொடைகளே சான்று.

7. பெயர் மறைந்து தெய்வம் தோன்றுதல்

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடுகற்கள் பல இன்று ‘வேடியப்பன்’ என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. வேடியப்பன் கோயில் என அழைக்கப்படும் இடத்தில் கருவறைத் தெய்வமாக இருப்பது வில்லேந்திய வீரனின் நடுகல்லாக இருப்பதுண்டு. வில்லும் அம்பும் கொண்ட உருவம் வேடன் என்ற எண்ணத்தை மக்களிடம் தோற்றுவித்திருக்கலாம். பொங்கலிடுதல், ஆடு, கோழி பலியிடுதல் ஆகிய சடங்குகள் தொடர்கின்றன. பல குடும்பங்களுக்கு வேடியப்பன் குலதெய்வம். குழந்தைகளுக்கு அப்பெயரிடும் வழக்கமும் இவ்வட்டாரத்தில் பரவலாக உள்ளது.

தொல்காப்பியம் கூறும் பெரும்படையும் வாழ்த்தலும் வேறு வடிவில் இன்றும் உயிருடன் இருப்பதை இங்குக் காணலாம். ஆனால் ஒரு முக்கிய மாற்றம் நிகழ்ந்துள்ளது. கல்வெட்டில் தனிப்பெயருடன் நின்ற சேவகர்கள் யாவரும் வேடியப்பன் என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டனர். வட்டெழுத்து வழக்கொழிந்தபின் கல்லின் எழுத்தைப் படிப்போர் ஊரில் இல்லாமற் போயினர். எண்ணெய்ப் பூச்சும் வண்ணமும் சிமெண்டும் எழுத்தை மேலும் மறைத்தன. தெய்வமாக உயர்ந்ததால் கல் பிழைத்தது; அதே உயர்வால் மனிதன் மறைந்தான். இதனை மக்களின் அறியாமையாகக் கொள்ளுதல் பொருந்தாது. வழிபாடு இல்லாத கற்கள் வரப்புக்கல்லாகவும், படிக்கல்லாகவும், சுவரில் பதித்த கல்லாகவும் மாறிவிடுகின்றன. எண்ணெய் பூசிய கைகளே பல கற்களை இன்றுவரை நிலத்தில் நிறுத்தி வைத்துள்ளன.

8. அருங்காட்சியகமும் ஊரும்

சாலை விரிவாக்கம், நிலச் சமன்பாடு, கல் வெட்டியெடுத்தல் ஆகியவற்றால் நடுகற்கள் அழியும் நிலையில், அவற்றை அருங்காட்சியகங்களுக்கு மாற்றுவது இன்றியமையாததாயிற்று. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள அரசு அருங்காட்சியகங்களில் இவ்வட்டார நடுகற்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் தொல்பொருளாகக் கருதுகிறது. அருங்காட்சியகத்தில் எழுத்து படிக்கப்படுகிறது, பெயர் மீட்கப்படுகிறது, மாணவர்க்கும் ஆய்வாளர்க்கும் ஒப்பிட்டுக் காணும் வாய்ப்புக் கிடைக்கிறது.

எனினும் நடுகல்லின் வாசகத்தில் இடம் ஓர் உறுப்பாகும். ஊரெல்லை, வழி, நீர்நிலை, பூசல் நிகழ்ந்த வெளி ஆகியவற்றோடு கல் கொண்ட உறவு, அது பெயர்த்தெடுக்கப்படும்போது அறுந்துவிடுகிறது. ஒரே வழியில் அடுத்தடுத்து நிற்கும் கற்கள் அக்காலப் பூசல் பாதையைக் காட்டக்கூடியவை. அவற்றை வரிசையாகச் சுவரோரம் நிறுத்தினால் அச்செய்தி இழக்கப்படும். கல்லை இழந்த ஊர் தன் நினைவின் மையத்தையும் இழக்கிறது.

இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட வழிகள் உள்ளன. பெயர்த்தெடுக்க வேண்டிய கல்லின் இருப்பிடத்தைப் புவியிடக் குறிப்புடன் பதிவு செய்தல், கல்லின் திசையையும் சூழலையும் ஒளிப்படமாக்குதல், அதைப் பற்றி ஊரார் கூறும் கதையைத் தொகுத்தல் ஆகியவை முதற்கடமைகள். வழிபாட்டில் உள்ள கல்லை அவ்விடத்திலேயே விட்டு, எழுத்தின் படியை எடுத்து, அதன் வாசகத்தையும் எளிய உரையையும் அருகில் ஒரு பலகையில் வைக்கலாம். எழுத்துள்ள பகுதியில் எண்ணெயும் வண்ணமும் படாதிருக்க ஊராரின் இசைவுடன் முறை வகுக்கலாம். கருவறையில் நிற்பவரின் பெயர் தெரியவருவது வழிபாட்டுக்கு இடையூறாகாது. தம் தெய்வம் தம் மண்ணுக்காக இறந்த ஒருவர் என்ற செய்தி பற்றுதலை மிகுவிக்கவே செய்யும்.

9. அண்மைக்கால நினைவுச் சின்னங்களோடு ஒப்பீடு

பெயர், இடம், வழிபாடு என்ற மூன்று கூறுகளையும் கொண்டு நோக்கினால் அண்மைக்காலப் போர் நினைவுச் சின்னங்களின் இயல்பும் தெளிவாகிறது. முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கிலேய அரசு இந்திய ஊர்கள் பலவற்றில் நினைவுப் பலகைகளைப் பதித்தது. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்ற வாய்பாட்டில் அவை அமைந்தன. அங்கு இடம் உண்டு, எண் உண்டு, பெயர் இல்லை. பிறநாட்டு மண்ணில் இறந்தவர்களின் ஊரில் எஞ்சியது ஓர் எண்ணிக்கை மட்டுமே. அதே காலத்தில் 1921ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டு 1931ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தில்லி இந்தியா கேட் சுவர்களில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டன. அங்கு பெயர் உண்டு. ஆனால் அப்பெயருக்குரிய ஊர் தொலைவில் இருந்தது.

2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் உயிர் நீத்த வீரர்களின் பெயர்கள் கருங்கல் பலகைகளில் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன. நாளும் அங்கு நிகழும் வீரவணக்கம் பெயரோடு சடங்கை இணைக்கிறது. எனினும் இறந்தவரின் ஊருக்கும் நினைவகத்துக்கும் இடையிலான தொலைவு அங்கும் நீடிக்கிறது. புறமலை நாட்டு ஊரொன்றின் நடுகல், எழுத்தறிந்தோர் சிலரே இருந்த காலத்தில், பெயரையும் ஊரையும் தலைவனையும் நிகழ்வையும் ஒரே பலகையில் வைத்து, அதனை நாள்தோறும் காணும் இடத்தில் நிறுத்தியது. சிற்றூரின் அளவில் அது நிறைவான நினைவுச் சின்னமாகும்.

10. முடிவுரை

தருமபுரி வட்டார நடுகற்கள் ஆநிரைப் பொருளாதாரத்தைச் சார்ந்த எல்லைப்புற ஊர்களில், கடமையில் உயிர் நீத்தோர்க்கு அவ்வூராரால் எடுக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள். அவற்றின் வாசகத்தில் மன்னன் காலக்குறிப்பாக நிற்க, சேவகனும் இளமகனும் மையமாகின்றனர். கவர்ந்தோர்க்கும் மீட்டோர்க்கும் கல் எடுக்கப்பட்டதும், காவல் நாயின் செயல்கூடப் பதிவானதும் கடமையே நினைவின் அளவுகோலாக இருந்ததை உணர்த்துகின்றன. நெய்த்தோர்பட்டிக் கொடைகள் நினைவைப் பொறுப்பாக மாற்றின.

காலப்போக்கில் இக்கற்களின் பெயரும் இடமும் வழிபாடும் ஒன்றையொன்று பிரிந்தன. வேடியப்பன் வழிபாடு இடத்தையும் சடங்கையும் காத்துப் பெயரை இழந்தது. அருங்காட்சியகம் பெயரை மீட்டு இடத்தை இழந்தது. நடுகல்லைப் படிப்பதுடன், படித்த பெயரை அது நின்ற ஊருக்குத் திரும்பச் சேர்ப்பதும் ஆய்வின் பகுதியாகக் கொள்ளப்படுதல் வேண்டும். வட்டெழுத்தறிந்த ஆய்வாளரும், கல்லின் இருப்பிடமும் கதையும் அறிந்த ஊராரும், தொல்லியல் துறையும், வட்டாரக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகளும் இணைந்து ஊர்தோறும் நடுகல் பதிவேடுகளை உருவாக்கினால், ‘பட்டான் கல்’ என முடியும் அத்தொடர்களை அவற்றுக்கு உரிய ஊரார் மீண்டும் படிக்க இயலும்.